மேலே மூன்று விரல், கீழே இரண்டு

போர்ட் அகஸ்டாவில் வளைகுடாத் தண்ணீரை ஒட்டி இருந்த, சக்கரம் வைத்த வீடுகள் நிற்கும் கேரவன் பார்க்கை விற்றுவிட்டதாகக் கடிதம் வந்தபோது வெர்னா ஸ்டாடர்ட் தன் கேரவன் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்தாள். மடித்துப் பக்கத்தில் வைத்தாள். மீதிக் கிழங்கையும் உரித்து முடித்தாள். மே முப்பத்தோராம் தேதிக்குள் எல்லாக் கேரவன்களும் வெளியே போய்விட வேண்டும், போகாதவை இடித்து அள்ளப்படும். அவ்வளவுதான் அதில் இருந்தது.

இழுக்க வண்டி இருந்தவர்கள் முதல் வாரத்திலேயே கிளம்பிவிட்டார்கள். கடைசியில் ஏழு கேரவன்கள் மிஞ்சின. ஏழும் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்றவை, சக்கரத்துக்குள் புல் முளைத்தவை. அந்த ஏழு பேரிடமும் முன்பு வண்டி இருந்தது. ஓடாத வீட்டுக்கு இழுக்கிற வண்டி எதற்கு என்று ஆறு பேர் ஒவ்வொருவராக விற்றிருந்தார்கள். வெர்னாவின் வண்டியை அவள் புருஷன் ராஸ் எடுத்துக்கொண்டு போனான். ஆறு வருஷத்துக்கு முன், குயின்ஸ்லாந்துக்கு, சொல்லாமல். ஆனால் கேரவனின் பின்பக்கத்தில் இருவர் பெயரும், ரேடியோவில் கூப்பிட வேண்டிய சானல் எண்ணும் ஸ்டிக்கராக அப்படியே ஒட்டியிருந்தன. சுரண்டினால் பெயின்ட்டும் சேர்ந்து வரும் என்று விட்டுவிட்டாள்.

லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறவன் ஜூன் பாதி வரை வர முடியாது என்று சொல்லிவிட்டான். அதனால் ஏழு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்றை வாங்குவது. அதை வைத்தே ஏழு கேரவன்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப்போய் அவரவர் இடத்தில் விடுவது. ஓட்டுவது யார் என்பதில் பேச்சே எழவில்லை. க்வோர்ன் ரோட்டில் இருபத்து மூன்று வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் வெர்னா. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்த ஊரில் முப்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேரை அவள் சீட்டில் உட்காரச் சொல்லி அதட்டியிருக்கிறாள்.

வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு வெர்னாவையும் லின்ட்சி கூல்மனையும் அனுப்புவதாக முடிவானது. லின்ட்சிக்கு எழுபத்தொன்று. முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர். நிற்கிற ரயிலின் ஓரமாகச் சுத்தியலோடு நடந்து, சக்கரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே விரிசல் என்று சொல்கிற வேலை.

"இரும்பு எங்கிட்ட பொய் சொல்லாது. மனுசங்கதான் சொல்லுவாங்க, அதுலயும் நோலீன்," என்றார்.

"யோவ், உன் காதுதான் செவிடாச்சே," என்றாள் நோலீன். பார்க்கிலேயே மிகச் சின்ன கேரவன் அவளுடையது. அதில் அவளும் இரண்டு லவ் பேர்ட்ஸும் இருந்தார்கள்.

"மனுசங்க பேசறதுக்குச் செவிடு. இரும்புக்கு இல்ல."

முதலில் கேரவன்களின் எடை தெரிய வேண்டும். எடை மேடைக்குக் கொண்டுபோக இழுவை வண்டி இல்லை. கேரவன்காரர்கள் எல்லோரும் செய்கிறதைச் செய்தார்கள். குளியலறையில் ஆள் எடை பார்க்கிற மெஷின் இரண்டைக் கொண்டுவந்து, மேலே ஒரு பலகையைப் போட்டு, கேரவனின் மூக்கை, வண்டியில் மாட்டுகிற முனையை, அதன் மேல் இறக்கினார்கள். மூக்கில் இறங்குவது பத்தில் ஒரு பங்கு எடை என்பதால், இரண்டு மெஷினும் காட்டுவதைக் கூட்டிப் பத்தால் பெருக்கினால் மொத்த எடை, ஏறக்குறைய. நோலீனுடையது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். மற்ற நாலும் இரண்டு டன்னைத் தொடவில்லை. லின்ட்சியுடையது இரண்டே முக்கால். வெர்னாவுடையது மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

"உள்ள என்ன, ராஸை வெட்டிப் புதைச்சு வச்சிருக்கியா?" என்றார் லின்ட்சி.

"அவன் அவ்வளவு கனமானவன் இல்ல," என்றாள் வெர்னா.

தரை முழுக்க ராஸ் கனமான ஜாரா மரப்பலகை போட்டிருந்தான். நல்ல தரை. காலையில் வெறும் காலை வைத்தால் கல் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். அவன் விட்டுப்போனதில் அவள் நேசித்தது அது ஒன்றைத்தான்.

முதல் வண்டி வில்மிங்டன் பக்கம் ஓர் ஆட்டுப்பண்ணையில் இருந்தது. இருபத்தேழு வயதான ஜீப். பண்ணைக்காரி ஃபிட்ஸ்னர் அம்மாள் விற்க வந்தவள் மாதிரியே பேசவில்லை.

"பின் கதவு தொறக்காது. ஏசி கெடையாது. எலி இருந்துச்சு, போயிருச்சுன்னு நெனைக்கிறேன். எஞ்சின் மட்டும் எனக்கப்புறமும் ஓடும்."

லின்ட்சி பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். டிங், டிங், டிங் என்று அரை மணி நேரம் வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை, சேஸை, ஒவ்வொரு சாணாகத் தட்டினார். முழங்காலில் சிவப்பு மண்ணோடு வெளியே வந்து, "கோயில் மணி மாதிரி இருக்கு," என்றார்.

"எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டாள் வெர்னா.

"ரெண்டரை டன்," என்றாள் ஃபிட்ஸ்னர் அம்மாள். "அதுக்கு மேல இழுத்தா நான் பொறுப்பில்ல."

இரவல் வாங்கிய காரில் திரும்பினார்கள். ஐந்து கேரவன்களுக்கு அந்த ஜீப் போதும், தாராளமாகப் போதும். போதாதது இரண்டுக்குத்தான். அந்த இரண்டும் யாருடையவை என்பது காருக்குள் இருந்த இருவருக்கும் தெரியும்.

"வயசான வண்டி," என்றார் லின்ட்சி கடைசியில்.

"ஆமா. ஏசியும் இல்ல," என்றாள் வெர்னா.

பார்க்கில் காத்திருந்தவர்களிடமும் அதையே சொன்னார்கள். வயசான வண்டி, நம்ப முடியாது. நோலீன் தலையாட்டினாள். ரயில்வேக்காரரும் பஸ்காரியும் சேர்ந்து சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

இரண்டாவது வண்டி ஸ்டெர்லிங் நார்த்தில், டேரில் என்பவன் வீட்டு முற்றத்தில் நின்றது. எட்டே வயதான பிக்கப், முன்னால் நாலு கதவுள்ள கேபின், பின்னால் திறந்த தட்டு. வெள்ளை நிறம். கழுவித் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். மூன்றரை டன் இழுக்கும் என்று கதவோரத் தகட்டிலேயே அடித்திருந்தது.

"பின்னாடி ஸ்பிரிங் பட்டைக்கு மேல காத்துப்பை போட்டிருக்கேன்," என்றான் டேரில். "எவ்வளவு கனத்தை மாட்டினாலும் வால் தொங்காது. பாருங்க, எவ்வளவு மட்டமா நிக்குதுன்னு. நானே இதுல கேரவனை மாட்டித் திரும்பத் திரும்ப வடக்கே இழுத்துட்டுப் போயிருக்கேன், ஒரு சத்தம் கெடையாது."

வெர்னாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸை எடுக்குமுன் தினமும் காலையில் அவசரக் கதவின் இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பாள், மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று. யோசித்துச் செய்வதல்ல, கை தானாகப் போகும். இப்போதும் போனது. கேபினுக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கீழே விரலை விட்டாள். இரண்டு விரல் போயிற்று. மேலே விட்டாள். மூன்று விரல்.

தட்டு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தட்டு தானாகச் சாயாது. அடியில் இருக்கிற சேஸ் வளைந்தால்தான் சாயும். இவன் தாங்க முடியாத கனத்தை வாலில் மாட்டி, வால் தொங்காமல் இருக்கக் காற்றுப்பையை இறுக்கி அடித்து, வடக்கே உள்ள குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டியிருக்கிறான். கனம் ஒரு பக்கம் இழுக்க, பை ஒரு பக்கம் தூக்க, நடுவில் இரும்பு மடங்கத் தொடங்கியிருக்கிறது.

அவள் விரலை எடுத்தாள். லின்ட்சி வண்டியின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"அடியில பாக்கலையா?" என்று கேட்டாள்.

"சுத்தியல மறந்துட்டு வந்துட்டேன்," என்றார் அவர். குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "புது வண்டிதானே. என்ன இருக்கப்போகுது?"

மூன்றரை டன். இந்த வண்டியால் தன் கேரவனும் போகும். வெர்னா மனத்துக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டாள். ஒரு விரல்தானே. ஏழே ஏழு நடை. இருபத்து மூன்று வருஷம் ஓட்டியவளுக்குப் பதமாக ஓட்டத் தெரியாதா? பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பார்க்கில் எல்லோரும் சுற்றி நின்று கை தட்டினார்கள்.

லேசானது முதலில், கனமானது கடைசியில் என்று வெர்னா வரிசை போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் கடைசியில் போவதுதான் முறை என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

நோலீனைப் பீட்டர்பரோவில் மகள் வீட்டுக் கொல்லையில் விடுவது முதல் நடை. பறவைக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு நோலீன் வழியெல்லாம் பேசினாள்.

"ஏன் இப்படி மெதுவாப் போற? பின்னாடி வர்றவனெல்லாம் என்னைத் திட்டறான்."

"உன் பறவைங்களுக்குத் தலை சுத்தும்."

"இதுங்களுக்கா? இதுங்க உன்னை விட தைரியசாலிங்க."

வெர்னாவின் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்பும் பிரேக்கில் கால் போனது. பஸ் நிறையப் பிள்ளைகளோடு போனபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. அப்போது அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் தெரியும். வித்தியாசம் அதுதான்.

நோலீனை இறக்கிவிட்டு, தேநீர் வேண்டாம் என்று சொல்லி, வெளியே வந்து விரலை விட்டுப் பார்த்தாள். மூன்று. மாற்றமில்லை. அன்று மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வயல்லா போய் வந்தபின் மூன்று விரல் கொஞ்சம் தளர்வாகப் போனது. போர்ட் பிரீயிலிருந்து வந்தபின் இன்னும் தளர்வு. ஐந்தாவது நடை முடிந்தபோது நாலாவது விரலின் நுனி உள்ளே போயிற்று. இனி இதில் யாரையும் ஏற்றக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஜீப்பை வாங்கியிருந்தால் இந்த ஐந்து பேரும் எந்த ஆபத்தும் இல்லாமல் போயிருப்பார்கள் என்பதும் தெரிந்தது. வில்மிங்டனுக்குப் போன் செய்தாள். ஜீப் போன வாரமே போய்விட்டது என்றாள் ஃபிட்ஸ்னர் அம்மாள். "நல்லதா ஒண்ணு வாங்கிட்டீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

மிஞ்சியவை இரண்டு. இரண்டும் க்வோர்னில் கேரவன்களுக்கு இடம் தருகிற மைதானத்துக்குப் போக வேண்டியவை, பக்கத்துப் பக்கத்து இடம். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே மலைக் கணவாய் ஏற்றம். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஓடைகள், ஒவ்வொன்றிலும் வண்டி இறங்கி ஏற வேண்டும். இந்தப் பிக்கப்புக்குள் இன்னும் ஒரு கனமான நடை இருக்கலாம். இரண்டு இல்லை.

லின்ட்சியின் நாள் வந்தது. காலையில் வடகாற்றில் தூசி பறந்தது. அவருடைய கேரவனை மாட்டி, சங்கிலியைக் கோத்து, விளக்கைச் சோதித்து வெர்னா வந்து ஏறினாள். அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"வேணும்னா நீ மொதல்ல போறியா, டிரைவரம்மா?" என்று கேட்டார்.

சீட் பெல்ட்டைப் போட்ட பிறகுதான் கேட்டார்.

சரி என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும். அந்த ஏன் டேரில் வீட்டு முற்றம் வரை போகும்.

"வேணாம். உன்னுது மாட்டியாச்சு," என்றாள்.

கணவாயில் இரண்டாவது கியரில் ஏறினார்கள். பழைய ரயில் பாதை பக்கத்திலேயே வந்தது. லின்ட்சி வழக்கமாக ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பார். அன்று மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஓடையிலும் கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால் வலி போலிருக்கிறது என்று வெர்னா நினைத்தாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

போய்ச் சேர்ந்தார்கள். அவர் கேரவனை இறக்கி மட்டம் பார்த்து வைத்தபின் அவள் இடுக்கில் கையை விட்டாள். நாலு விரலும் போயின. குனிந்து பார்த்தாள். சேஸின் கறுப்புப் பெயின்ட்டில் ஒரு மயிரிழை, துரு நிறத்தில், கீழிருந்து மேலே பாதி வரை ஏறியிருந்தது.

"நாளைக்கு உன்னுதையும் கொண்டு வந்துரு," என்றார் லின்ட்சி. தண்ணீர்க் குழாயைத் திருகிக்கொண்டே சொன்னார், முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் முப்பதாம் தேதி. பார்க்கில் அவளுடைய கேரவன் ஒன்றுதான் நின்றது. இடித்து அள்ளுகிற லோடர் உள்ளே வந்து மற்ற இடங்களின் சிமென்ட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. வெர்னா கனத்தைக் குறைக்கப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாள். கேஸ் சிலிண்டர்களை இறக்கினாள். துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் கேபின் சீட்டில் அடைத்தாள். தரையைப் பெயர்க்க முடியாது. ஒரு பலகையில் கடப்பாரையை வைத்து நெம்பியும் பார்த்தாள். ராஸ் நன்றாகத்தான் அடித்திருந்தான்.

மாட்டினாள். பிக்கப் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கியது. ஆள் நடக்கிற வேகத்தில் வாசலை நோக்கிப் போனாள். பார்க் வாசலில் ஒரு வேகத்தடை இருந்தது. பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்று பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்துப் போடவைத்தவள் அவள்தான். பிக்கப்பின் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பெரிய சத்தம்கூட இல்லை. முன் கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது.

இறங்கிப் பார்த்தாள். வண்டி நடுவில் மடிந்து, வாலும் கேரவனின் மூக்கும் தரையில் கிடந்தன.

லோடர்க்காரன் ஓடிவந்தான். இளவயதுக்காரன். "அடிபட்டுச்சாம்மா?" என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல," என்றான்.

வெர்னா போன் செய்தாள்; லின்ட்சி க்வோர்னில் யாரோ ஒருவருடைய காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மத்தியானம் வந்தார். உடைந்த இடத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். முறிந்த இரும்பில் பாதி வெள்ளி மாதிரி மின்னியது, அது அன்று காலை உடைந்தது. மீதிப் பாதி கரும்பழுப்புத் துரு. அது பல மாதத்துக்கு முன்பே பிளந்தது. முப்பது வருஷம் விரிசல் தேடியவர் துருவின் மேல் விரலை வைத்து ஒரு முறை தடவினார். பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

"வேகத்தடை கட்டினவன உதைக்கணும்," என்றார்.

இருவரும் பெட்டிகளைக் காரில் ஏற்றினார்கள். முப்பத்தோராம் தேதி மாலை லோடர் வந்ததாம். அவள் பார்க்கப் போகவில்லை.

இப்போது லின்ட்சியின் கேரவனோடு சேர்த்துக் கட்டிய கூடாரத் தாழ்வாரத்தில் அவள் இருக்கிறாள். ஒரு மடக்குக் கட்டில், ஒரு ஹீட்டர். ஜூலைக் குளிரில் துணிச்சுவர் விடிகாலையில் விறைத்து நிற்கும். தரையில் பிளாஸ்டிக் பாய். பக்கத்தில் அவளுக்கென்று எழுதிவைத்த இடம் காலியாகவே கிடந்து, பிறகு வேறு யாருக்கோ போய்விட்டது.

பார்க்கில் இருந்தவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் லின்ட்சி கதையைச் சொல்கிறார். எல்லோரையும் கரை சேர்த்துவிட்டுத் தன்னுடையதைக் கடைசியில் வைத்துக்கொண்டாள், ஒரு நாள் முந்தியிருந்தால் அவள் வீடு தப்பியிருக்கும், என்னை முதலில் போகச் சொல்லிவிட்டாள் என்கிறார். நன்றாகச் சொல்கிறார். கேட்பவர்கள் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவள் கோப்பையைக் கழுவப் போய்விடுகிறாள். நல்லவள் என்கிறார்கள், புகழ்ந்தால் கூச்சப்படுகிறாள் என்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் நோலீன் லாமிங்டன் கேக்கும் ஒரு பெரிய வாழ்த்து அட்டையும் கொண்டுவந்தாள். தங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவளுக்கு என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோலீன் அழுதாள். "உன்னை மாதிரி யாரும்மா இருக்காங்க," என்றாள். பஸ் ஏற அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெர்னா திரும்பி வந்தாள். லின்ட்சி கேக்கின் தேங்காய்த்தூளை விரலால் ஒற்றி எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

வெர்னா எதிரே உட்கார்ந்தாள்.

"சுத்தியல் பையிலதான் இருந்துச்சு," என்றாள். "டேரில் வீட்டுல. கைப்பிடி வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன்."

லின்ட்சி விரலை நிறுத்தினார். வெளியே வெள்ளைக் கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே மைதானத்தைத் தாண்டிப் போயிற்று.

"கண்ணாலேயே தெரிஞ்சுது," என்றார். "தட்டினா எனக்கே கேட்டுரும். கேட்டா சொல்லணுமில்ல." பிறகு, "உன் விரலும் இடுக்குல இருந்துச்சு. மேல மூணு, கீழ ரெண்டு. நானும் பாத்தேன்."

"நோலீன் பக்கத்துல உக்காந்திருந்தா, லின்ட்சி. பறவைக்கூண்ட மடியில வச்சுகிட்டு."

"தெரியும்."

"அவகிட்டச் சொல்லணும்."

"சொல்லேன்," என்றார் அவர். கேலியாக இல்லை, களைப்பாக. "அவ பஸ் இன்னும் கிளம்பியிருக்காது."

வெர்னா எழுந்து தாழ்வாரத்தின் வாசல் வரை போனாள். மைதானத்துக்கு அப்பால் பஸ் நிற்பது தெரிந்தது. நோலீன் எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. டிரைவர் கீழே நின்று யாருடைய பெட்டியையோ ஏற்றிக்கொண்டிருந்தான். கதவு சாத்துகிற சத்தம், எஞ்சின், பிறகு முதல் கியர் விழுகிற சத்தம் எல்லாவற்றையும் அங்கேயே நின்று கேட்டாள். தூரத்தில் இருந்தே அவளுக்குக் கியர் தெரியும்.

உள்ளே வந்து அட்டையை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்துகளை எண்ணினாள். ஆறு இருந்தன. ஆறாவது, எல்லாவற்றுக்கும் கீழே, கனத்த ரயில்வே எழுத்தில், எல். கூல்மன்.